பந்து இருந்தது, மைதானம் இல்லை



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளவத்தையில் துணிக்கடையில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்றும் லீவுக்கு அங்கே வந்திருந்தது. ஒழுங்கையில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை கேட்டது: "மாமா, பொம்பளப் புள்ளைங்களுக்கு இந்த மாதிரி கிளப் ஏதும் இருக்கா? ஸ்கூல்ல நான் நல்லா ஆடுவேன். அப்பறம் ஆட எடமே இல்லாம போச்சு."

இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகவே இருக்கிறது. "எடம் இல்லாம போச்சு" என்று பிள்ளை சொன்னதுதான் அந்தக் கதையில் முக்கால்வாசி.

நம் மலைகளைத் தேயிலைக் காடாக்கிய வெள்ளைக்காரர் நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1917ஆம் ஆண்டு, முதலாம் உலக யுத்த காலம். ஆண்கள் சண்டைக்குப் போய்விட, பிரெஸ்டன் நகரில் டிக் கெர் என்ற தொழிற்சாலையில் பெண்கள் குண்டு செய்யும் வேலைக்கு வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தில் பந்து உதைத்தவர்கள், ஒரு கழகமாகவே சேர்ந்துவிட்டார்கள். அந்த வருட நத்தார் தினத்தில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 10,000 பேர் வந்தார்கள். 1920 டிசம்பர் 26இல் லிவர்பூலில் 53,000 பேர்! பெரும்பாலும் நம்மைப் போல கூலிக்கு உழைத்த பெண்கள். வசூலான காசு பெரும்பாலும் யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்குப் போனது.

இது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1921 டிசம்பர் 5இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி ஒரு கட்டளை போட்டது. "ஆடாதே" என்று கட்டளை இல்லை. சங்கத்தில் உள்ள கழகங்கள் பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். மைதானத்தைப் பூட்டினால் ஆட்டம் தானாக நின்றுவிடும் என்ற கணக்கு. டிக் கெர் பெண்கள் லேசில் விடவில்லை. 1922இல் அமெரிக்காவுக்குப் போய் ஆண்கள் அணிகளோடேயே மோதினார்கள். கிடைத்த இடத்தில் ஆடி, 1965 வரை கழகத்தை நடத்தினார்கள். தடை நீங்கியதோ 1971இல். பாட்டி காலம் போய், மகள் காலமும் போய்விட்டது.

"அதெல்லாம் வெள்ளைக்காரப் பொம்பளைங்க" என்று சொல்வீர்கள். சரி, நம் பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த மதுரைப் பக்கம் பார்ப்போம். அங்கே 2016இல் சேது எப்.சி. என்ற கழகம் தொடங்கியது. இந்தியாவில் பெண்கள் உதைபந்தாட்டம் என்றால் மணிப்பூர்தான் என்று பேர். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில், அந்த மணிப்பூரின் பொலிஸ் அணியை சேது 3க்கு 1 என்று வென்றது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது அதுவே முதல் தடவை. 2022இல் இரண்டாம் இடம்.

"பந்து சோறு போடுமா?" என்று அப்பாமார் கேட்பது நியாயம்தான். எல்லாருக்கும் போடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சேதுவுக்கு ஆடிய கடலூர்ப் பிள்ளை இந்துமதி கதிரேசன், இந்திய அணிக்கும் ஆடினார், தமிழ்நாடு பொலிஸில் உப பரிசோதகராகவும் ஆனார்.

இலங்கையும் சும்மா இல்லை. 2012இல் தெற்காசியப் பெண்கள் சுற்றுப்போட்டி கொழும்பில்தான் நடந்தது. நம் நாட்டு அணி அரையிறுதி வரை போனது.

இதையெல்லாம் சொன்னதும் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம கிரவுண்டு எப்பவும் பையன்ககிட்டதானே மாமா" என்றது. சித்திரை வருசத்துக்கு ஊருக்கு வரும்போது ஒரு பந்து வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறது. கூட ஆட லயத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் தயார். அன்றைக்குப் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மைதானம் யாருக்கு என்று, பையன்கள் கழகத்தாரும் தலைவர்மாரும் இப்போதே பேசி வைத்தால் நல்லது.