சியாமா பூச்சி

கொல்கத்தாவில் குடியேறியுள்ள தமிழ் நேயர்களுக்குத் தீபாவளியை ஒட்டி வரும் இந்த விருந்தாளியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஐப்பசி மாலையில் விளக்கேற்றியதும் பச்சைப் பசேலென்ற சிறு பூச்சிகள் கூட்டமாக வந்து மொய்க்கும்; குழம்புச் சட்டியைத் திறந்து வைக்க இயலாது. காளி பூஜைக் காலத்தில் வருவதால் வங்காளிகள் இதனைச் 'சியாமா போகா' என்பர். சியாமா என்பது காளியின் திருநாமம். போகா என்றால் பூச்சி. சியாமம் என்ற சொல் கருமையையும் பசுமையையும் ஒருங்கே குறிக்கும். திருமாலைக் கரியன் என்றும் பச்சைமால் என்றும் அழைக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. பூச்சியின் உடலிலும் அவ்விரு நிறங்களே உள்ளன.

நம் உழவர்கள் இதைப் பச்சைத் தத்துப்பூச்சி என்பர். நீர் தேங்கிய நெல்வயலும், வாய்க்கால் ஓரத்துப் புல்லும், சதுப்பு நிலமுமே இதன் இருப்பிடம். ஊசி போன்ற வாயால் இலைச் சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. வங்காளத்தின் ஆமன் நெல் முற்றும் பருவத்தில் வயலை விட்டுப் பறக்கும் பூச்சியை அமாவாசை இருளில் விளக்கொளி ஈர்த்துவிடுகிறது.

நீளம் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை. சிறகின் நுனி கறுத்திருந்தால் ஆண், வெளிறியிருந்தால் பெண். ஆனால் நாம் ஒன்றென்று எண்ணும் இப்பூச்சியில் இரண்டு இனங்கள் கலந்துள்ளன. ஆண் பூச்சியின் தலையில், முன்விளிம்பை ஒட்டிக் கண்ணுக்குக் கண் கறுப்புப் பட்டை ஓடினால் அது நெஃபோடெட்டிக்ஸ் நிக்ரோபிக்டஸ். நெல்லோடு சதுப்புப் புற்களிலும் மிகுதியாக வாழ்வது. பட்டையின்றித் தலை பச்சையாகவே இருந்தால் நெஃபோடெட்டிக்ஸ் விரெசென்ஸ். 1908இல் டிஸ்டன்ட் என்னும் அறிஞர் விவரித்த இந்த இனம் பெரும்பாலும் நெல்லையே நம்பியிருப்பது.

இந்த வேற்றுமையை வீண் ஆராய்ச்சி என்று ஒதுக்கலாகாது. நெற்பயிர் மஞ்சளித்துக் குட்டையாகும் துங்ரோ நோயை இரண்டுமே பரப்பக்கூடும். எனினும் விரெசென்ஸே அதில் வல்லது. 1969இல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் இந்நோய் பெருஞ்சேதம் விளைத்தது. ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. நோய்க் கிருமி பூச்சியின் முட்டை வழியாகச் சந்ததிக்குச் செல்வதில்லை; பூச்சியிடத்தும் சில நாட்களே தங்கும்; இளம்பூச்சி தோலுரித்தால் அதுவும் நீங்கிவிடும். நோயுற்ற பயிரிலிருந்தே ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெறவேண்டும். அறுவடைக்குப் பின் நோயுற்ற தாளடியை உடனே உழுது மடக்கச் சொல்வது இதனால்தான்.

மனிதருக்கு இது நோய் எதையும் தருவதில்லை. மறுநாட் காலையில் விளக்கடியில் விழுந்து கிடப்பவற்றைப் பெருக்கித் தள்ளுமுன், சிறுவர்களிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்துத் தலையில் பட்டை உண்டா என்று பார்க்கச் சொல்லலாம்.