கண்ணெனும் கருவூலம்

ஓய்வூதியம் பெற வரும் முதியோர் சிலர், கையொப்பமிட வேண்டிய இடத்தை விரலால் தடவித் தேடுவதை வங்கிக் கிளையில் காண்கிறோம். கேட்டால், "வயதாகிவிட்டது" என்பார்கள். வயதின்மீது பழியைப் போட்டு வாளாவிருத்தல் தகாது.

கண்புரையெனில் கவலை வேண்டா. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை தெளியும். இம்முறையை 1949இல் இலண்டனில் ஹெரால்ட் ரிட்லி தொடங்கி வைத்தார். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் வழியே, 1992இல் ஆரோலேப் உருவாகிக் குறைந்த விலையில் வில்லைகளைத் தயாரித்தது. எளியோர்க்கும் அவை எட்டின.

கிளாக்கோமா அத்தகையதன்று. பெரும்பாலும் வலியின்றி வந்து, ஓரப் பார்வையை முதலில் கவர்ந்துவிடும். பார்வை நரம்பு இழந்ததை எவ்வில்லையும் மீட்டுத் தராது. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை ஆகியவை எஞ்சியதைக் காக்கவே உதவும்.

இழப்பை அறியப் பார்வைப் பரப்புப் பரிசோதனை உள்ளது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நடுப்புள்ளியை நோக்கியிருக்க வேண்டும். சுற்றிலும் ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். காணாத இடங்களைக் கருவி குறித்துக்கொள்ளும். ஊசியில்லை, வலியில்லை.

நாற்பதைக் கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உடையோரும் கண் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்து, மருத்துவர் கூறின் இப்பரிசோதனையும் செய்துகொள்க. மூணாற்றினர்க்குத் தேனியும், சித்தூர், கொழிஞ்சாம்பாறையினர்க்குக் கோவையும் தொலைவல்ல. ஈரிடத்தும் அரவிந்த் மருத்துவமனை உண்டு.

இக்கணக்கில் போனது மீண்டும் வரவாகாது, இருப்பையேனும் காப்போம்.