வெகுமதியை நாடும் மூளை: சூதாட்டப் பழக்கம் குறித்துச் சில விளக்கங்கள்

தனக்குக் கேடு விளைவிக்கும் என்று நன்கு அறிந்த ஒன்றை மனிதன் ஏன் மீண்டும் மீண்டும் நாடுகிறான் என்னும் வினா மிகப் பழமையானது. ரோமர் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தைப் போதிக்க முற்படும் எவரும் அதனைத் தவிர்க்க இயலாது. எனினும் அப்பகுதிக்கு விளக்கம் எழுதுவது ஈண்டு நமது நோக்கமன்று. மூளை வெகுமதியை எவ்வாறு மதிப்பிடுகிறது என்பது குறித்துக் கடந்த எழுபது ஆண்டுகளில் நரம்பியல் அறிஞர் கண்டறிந்தவற்றுள், குடும்பங்களிடையே பணியாற்றுவோருக்குப் பயன்படத்தக்க சிலவற்றையே எடுத்துரைக்க விழைகின்றோம்.

திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்துள்ள மணவாள நகரை எடுத்துக்கொள்வோம். காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும், மின்சார இரயிலேறி அம்பத்தூருக்கும் வேலைக்குச் செல்வோர் பலர் இங்கு வாழ்கின்றனர். மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றியுள்ள வாழ்க்கையும் இதற்கு வேறுபட்டதன்று. இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளி, உறக்கம் வராமல் கைபேசியில் ரம்மி ஆடத் தொடங்குகிறான் என்று கொள்வோம். முதல் வாரத்தில் ஐந்நூறு ரூபாய் கிடைக்கிறது. மூன்றாம் மாதத்தில் மகளின் பள்ளிக் கட்டணம் போய்விடுகிறது. பின்னர் மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குச் செல்கிறது. அதற்கும் பின்னர் கந்துவட்டி. இவன் நாம் எடுத்துக்காட்டுக்காகப் புனைந்த மனிதனே. ஆயினும் இவனையொத்த ஒருவரையேனும் சந்தித்திராத ஆயர் இப்பகுதியில் அரிது என்றே கருதுகிறோம்.

இவனைக் குறித்து ஊரார் இரு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். பேராசைக்காரன் என்பது ஒன்று. அது ஒரு நோய், அவன் என் செய்வான் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உண்மையின் ஒரு பாதியையே கூறுகின்றன. அது எங்ஙனம் என்பதை அறிய மூளைக்குள் சற்றே நுழைந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நெற்றி எலும்புக்கு நேர் பின்னே அமைந்துள்ள மூளைப்பகுதியை முன்நெற்றிப் புறணி என்பர். இது ஒரே உறுப்பன்று. பல பகுதிகள் சேர்ந்த ஒரு தொகுதி. கண்குழிகளுக்கு மேலே படிந்துள்ள பகுதியும், நடுக்கோட்டை ஒட்டிக் கீழ்ப்புறமாக உள்ள பகுதியும், பொருள்களின் மதிப்பை எடைபோடுகின்றன. பக்கவாட்டில் மேலே உள்ள பகுதி, நெடுநாள் இலக்குகளை நினைவில் நிறுத்தி நடத்தையை அவற்றுக்கு இணங்கச் செய்கிறது. இவை யாவும் நடுமூளையிலிருந்து மேலெழும் நரம்பிழைகளோடு தொடர்புடையவை. அவ்விழைகள் டோப்பமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன.

டோப்பமின் இன்பத்தைத் தரும் பொருள் என்று செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியன்று. இதனைத் தெளிவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபோர்க் நகரில் குரங்குகளிடத்தே ஆய்வு நடத்திய வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ். அவருடைய ஆய்வில், எதிர்பாராத வேளையில் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் டோப்பமின் நரம்பணுக்கள் துடித்தெழுந்தன. சாறு வருமுன் ஓர் அடையாளம் காட்டப்படும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்ட பின், அவ்வணுக்கள் அடையாளத்திற்கே துடித்தன. சாறு வந்தபோது அமைதியாயிருந்தன. அடையாளம் காட்டியும் சாறு தரப்படாதபோது, அது வரவேண்டிய அந்நொடியில் அவற்றின் துடிப்பு வழக்கத்திற்கும் கீழே சரிந்தது. 1997-ல் பீட்டர் தயான், ரீட் மாண்டெக் ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரை இதற்கு விளக்கம் தந்தது. அந்நரம்பணுக்கள் அறிவிப்பது இன்பத்தை அன்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே அவை அறிவிக்கின்றன என்பது அவ்விளக்கம். மாதச் சம்பளம் கையில் வரும்போது தோன்றாத கிளர்ச்சி, எதிர்பாராத பத்து ரூபாயில் தோன்றுவதன் காரணத்தை இதனால் ஒருவாறு உணரலாம்.

2003-ல் ஃபியோரில்லோ, டோப்ளர், ஷூல்ட்ஸ் ஆகிய மூவரும் இன்னும் ஓர் உண்மையைக் கண்டனர். வெகுமதி உறுதியாக வரும் என்றாலோ, உறுதியாக வராது என்றாலோ, காத்திருக்கும் நேரத்தில் அவ்வணுக்கள் அடங்கியிருந்தன. வருமா வராதா என்பது சரிபாதி ஐயமாக இருந்தபோதே காத்திருப்பின்போது அவற்றின் செயல் படிப்படியாக உயர்ந்து உச்சத்தை எட்டியது. சீட்டைப் புரட்டுமுன் நெஞ்சு படபடக்கும் அந்தக் கணமே சூதாடியைக் கட்டிவைக்கிறது. வென்ற பணம் அதற்கு இரண்டாந்தரமானதே. நூலிழையில் தவறிய தோல்வியும் இத்தகையதே. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய வென்றது போன்ற தோல்வி, உண்மையான வெற்றி எழுப்பும் அதே மூளைப்பகுதிகளைத் தூண்டியது. ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால் என்று ரம்மி ஆடுபவன் சொல்லும்போது அவன் மூளை தோல்வியைத் தோல்வியாகப் பதிவு செய்யவில்லை.

இனி முன்நெற்றிப் புறணிக்கு வருவோம். டோப்பமின் அணுக்கள் எச்சரிக்கை மணி போன்றவை. பொருளை நிறுத்துப் பார்ப்பது புறணியின் வேலை. உண்டு நிறைந்த குரங்கிடம் அது உண்ட அதே உணவை நீட்டியபோது, கண்குழிமேல் புறணியின் நரம்பணுக்கள் வாளாவிருந்தன. வேறு உணவை நீட்டியபோது மீண்டும் விழித்தன என்று எட்மண்ட் ரோல்ஸ் காட்டினார். கலியாண வீட்டில் முதல் கிண்ணம் பாயசத்திற்கும் மூன்றாம் கிண்ணத்திற்கும் உள்ள வேற்றுமை அங்கே எழுதப்படுகிறது எனலாம். 2006-ல் பதோவா ஸ்கியோப்பா, அசாத் என்னும் இருவர், இரு வகைப் பானங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு குரங்குகளைப் பழக்கினர். அளவிலும் வகையிலும் வேறுபட்ட அவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒப்பிடுவதுபோல அப்பகுதியின் அணுக்கள் மதிப்பைக் குறித்தன. ஆகவே புறணி என்பது ஆசையை அடக்கும் காவற்காரன் மட்டுமன்று. எதை ஆசைப்படத்தகும் என்று விலை குறிப்பதும் அதுவே.

அவ்விலைகுறிக்கும் பகுதி சேதமுற்றால் விளைவது என்ன? அமெரிக்காவின் ஐயோவாவில் பெச்சாரா, தமாசியோ முதலியோர் 1994-ல் வெளியிட்ட சீட்டுக்கட்டுச் சோதனை இதற்குச் சிறந்த சான்று. நான்கு கட்டுகள். இரண்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் விளையாட்டுப் பணம் வரும். ஆனால் இடையிடையே பெருந்தண்டம் விழும். பத்துச் சீட்டு எடுத்தால் முடிவில் 250 டாலர் நட்டம். மற்ற இரண்டில் வரவு 50 டாலர்தான், தண்டமும் சிறிது, பத்துச் சீட்டில் 250 டாலர் இலாபம். நலமுள்ளவர்கள் சிறிது நேரத்தில் இதனை உணர்ந்து சிறுவரவுக் கட்டுகளுக்கு மாறிவிட்டனர். முன்நெற்றிப் புறணியின் உள்கீழ்ப் பகுதி சேதமுற்றவர்களோ பெருவரவுக் கட்டுகளையே நாடி நட்டப்பட்டனர். வியத்தகு செய்தி யாதெனில், அவர்களுள் சிலர் எக்கட்டு கெட்டது என்று வாயால் சரியாகச் சொன்னார்கள். கை மட்டும் அதையே நாடிற்று. நலமுள்ளவர்க்குக் கெட்ட கட்டை நோக்கிக் கை நீளும்போதே உள்ளங்கையில் வியர்வை கசிந்தது. சேதமுற்றோர்க்கு அந்த முன்னெச்சரிக்கை எழவில்லை. தெரியாதவனுக்கு அறிவுரை கூறலாம். தெரிந்தும் உணராதவனுக்கு அறிவுரையை நூறு முறை கூறினும் அது செவியோடு நின்றுவிடுகிறது. சூதாடியை அமர்த்தி வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டும் உறவினர் ஒவ்வொருவரும் இதனை அனுபவித்திருப்பர்.

நமது தொழிலாளியின் மூளையில் காயம் ஏதுமில்லை என்று கேட்கலாம். உண்மையே. ஆயினும் காயமின்றியும் அப்பகுதி வலுக்குன்றுவதற்கு வழிகள் உண்டு. அவற்றுள் இத்தொழிற்பகுதிக்கு மிக நெருக்கமானது உறக்கமின்மை. சிங்கப்பூரில் வினோத் வெங்கட்ராமன், மைக்கேல் சீ முதலியோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இரவு முழுதும் உறங்காதவர்களைப் பணம் வைத்து முடிவெடுக்கச் செய்து மூளையைப் படம் பிடித்தனர். வரவை எதிர்நோக்கும் பகுதியின் செயல் உயர்ந்திருந்தது; நட்டத்தைக் கண்டு எழவேண்டிய எதிர்வினையோ மங்கியிருந்தது. கண்விழித்தவனுக்கு ஆசை கூடி அச்சம் குறைகிறது என்பதே இதன் பொருள். இரவு ஷிப்டு முடித்து ஐந்து மணிக்குக் கைபேசியைத் திறப்பவன், பகலில் உறங்கி எழுந்த அதே மனிதனல்லன். நாம் அறிந்தவரையில் இக்காரணத்தைக் கருத்தில் கொண்டு ஆலோசனை கூறுவோர் மிகச் சிலரே. பாவத்தைப் பற்றிப் பேசுமுன் அவன் எத்தனை மணி நேரம் உறங்கினான் என்று கேட்பது வீண் கேள்வியன்று.

தமிழ்நாட்டின் சட்ட வரலாறு இவ்விடத்தில் சுவை மிக்கது. 1968-ல் அரசே பரிசுச்சீட்டைத் தொடங்கிற்று. 2003 சனவரியில் எல்லாப் பரிசுச்சீட்டு விற்பனையும் தடைசெய்யப்பட்டது. மூன்று எண் லாட்டரி மறைவாக விற்கப்படுவதைக் காவல்துறையின் வழக்குகள் அதன் பின்னரும் காட்டி வந்தன. கைபேசி வழிச் சூதாட்டத்தை நீதிபதி சந்துரு குழு ஆராய்ந்தபின் 2022-ல் அவசரச் சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பியனுப்பிய மசோதா 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி ஏப்ரலில் சட்டமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமைக்குரிய ஆட்டங்களாதலால் தடை அவற்றைச் சாராது என்று தீர்ப்பளித்தது. 2025-ன் தொடக்கத்தில் வந்த விதிகளோ, பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மூடவேண்டும் என்றன. அவ்வாண்டு சூனில் உயர் நீதிமன்றம் அவ்விதிகளை ஏற்றது. ஆகஸ்டில் நடுவண் அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ என்ற வேறுபாடின்றி இணையவழிப் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது.

திறமையா அதிர்ஷ்டமா என்பது வழக்குமன்றத்தில் பெரிய வினா. மூளையைப் பொறுத்தவரை அது அத்துணைப் பெரிதன்று. ஐயம் நிறைந்த வெகுமதி விரைந்து விரைந்து வந்தால் போதும். அதற்கு மேலும், என் திறமையால் மீட்டுவிடுவேன் என்னும் நம்பிக்கை சேர்ந்தால் ஆட்டம் நீளும். அவ்வகையில் நள்ளிரவு மூடல் விதி, அதை எழுதியோர் நரம்பியல் நூல்களைப் படித்தனரோ இல்லையோ, மூளையின் இயல்புக்கு இசைந்த ஒன்றாகவே நமக்குத் தோன்றுகிறது.

அப்படியாயின் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? இவ்வினாவை எழுப்பாமல் இறையியல் மாணவர் எவரும் இக்கட்டுரையை மூடமாட்டார். பார்க்கின்சன் நோய்க்கு டோப்பமினைப் போலச் செயல்படும் மருந்துகளை உண்டவர்களுள் சிலர், வாழ்நாளில் சீட்டைத் தொட்டிராதவர்களாயிருந்தும் சூதாட்டத்தில் விழுந்தனர். மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ விட்டபோது அவ்வெறி அகன்றது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2005-ல் இத்தகைய நோயாளிகளைக் குறித்து எழுதியது. இதனை எண்ணும்போது பிறனைத் தீர்ப்பிடும் நாவு சற்றுத் தயங்கவே வேண்டும். மறுபுறமும் உண்டு. 2009-ல் ஹேர், கேமரர், ரேங்கெல் ஆகியோர் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்போரை ஆராய்ந்தனர். சுவைக்கு அடிமையானவர்களின் மூளையில் உணவின் விலை சுவையை மட்டும் கொண்டு குறிக்கப்பட்டது. தம்மைக் கட்டுப்படுத்தியவர்களிடம் பக்கவாட்டுப் புறணி மிகுதியாக இயங்கி, விலைகுறிக்கும் பகுதியின் கணக்கில் உடல்நலத்தையும் சேர்த்துவிட்டது. குதிரையும் பாகனும் போல ஆசையும் அறிவும் ஓயாது போரிடுகின்றன என்னும் பழைய உவமை ஓரளவே பொருந்தும். தன்னடக்கம் என்பது ஆசையை மிதிப்பதைக் காட்டிலும், பொருளின் விலையைத் திருத்தி எழுதுவதாகவே இங்கே காணப்படுகிறது.

இதிலிருந்து நடைமுறைக்குச் சில தெளிவாகின்றன. ஆட்டம் தொடங்கிய பின் மனத்தைக் கட்டுப்படுத்துமாறு கூறுவதால் பயன் சிறிதே. மணி ஒலித்த பின் தராசு சரியாக நிற்பதில்லை. முடிவு முன்னதாகவே, உறங்கித் தெளிந்த ஒரு பகற்பொழுதில் எடுக்கப்பட வேண்டும். சம்பளம் மனைவியும் சேர்ந்த வங்கிக் கணக்கில் விழுமாறு செய்தல், கைபேசியில் பணம் செலுத்தும் செயலியை நீக்குதல் அல்லது நாள் வரம்பை மிகத் தாழ்த்துதல், இரவு ஷிப்டு வாரத்தில் கைபேசியை வேறொருவர் பொறுப்பில் விடுதல் என்பன சிறு செயல்களாயினும் தராசுக்குத் துணை நிற்பவை. கடனை உறவினர் முழுதாக ஒரே முறையில் அடைத்துவிடுவது பெரும்பாலும் தீங்காகவே முடிகிறது; எதிர்பாராது வந்த பெரு வெகுமதி போல அது மூளையில் பதிகிறது என்பது நமது எண்ணம். கடன்காரரோடு அமர்ந்து தவணை பேசுவதில் ஆயரோ மூப்பரோ உடனிருப்பது இதனினும் நன்று.

மருத்துவ உதவியை நாடுவதில் வெட்கம் வேண்டா. 2022-ல் தொடங்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மணவாள நகரினர்க்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது. சென்னைக் கீழ்ப்பாக்கத்து அரசு மனநல மருத்துவமனைக்கும் மின்சார இரயிலில் சென்று திரும்பலாம். கைபேசிப் பழக்கங்களுக்கெனவே தனிப் பிரிவொன்றைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014 முதல் நடத்தி வருகிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம். தற்கொலை எண்ணம் வெளிப்பட்ட இல்லங்களில் அவ்வெண்ணைக் கொடுத்துவிட்டு வருவது போதாது. உடனமர்ந்து நாமே அழைத்துப் பேசவைத்தல் வேண்டும்.