பேட்டியும் வரலாறும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்றொரு துறைமுக நகரம் உண்டு. 1937-ஆம் ஆண்டளவில் அந்நகரத்துத் தெரு ஒன்றில், நூறு வயதைக் கடந்தவர் என்று சொல்லப்பட்ட கறுப்பின மூதாட்டி ஒருவர் வாழ்ந்து வந்தார். அவர் அடிமையாகப் பிறந்து அடிமையாகவே வளர்ந்தவர். உள்நாட்டுப் போரினால் விடுதலை பெற்றவர். அவருடைய நினைவுகளைக் குறித்துக்கொள்ள, அரசாங்கத்தின் சார்பில் ஒரு வெள்ளையினப் பெண்மணி வந்தார். தம் எசமானர் நல்லவர், அவர் மனைவியின் குடும்பத்தாரும் பெருந்தன்மை உடையவர்கள் என்ற முறையிலேயே மூதாட்டி பெரும்பாலும் பேசினார்.

அதே மூதாட்டியை மற்றொரு நாள் மற்றொருவர் வந்து கண்டார். அவர் கறுப்பினத்தவர். அப்பொழுது மூதாட்டி சொன்ன கதையே வேறாக இருந்தது. சவுக்கடிகளைப் பற்றிச் சொன்னார். தாயையும் தந்தையையும் உடன்பிறந்தாரையும் முன்னறிவிப்பின்றிப் பிரித்து விற்றதனால், அல்லும் பகலும் கேட்ட ஓலத்தைப் பற்றிச் சொன்னார். பேசியவர் ஒருவரே, குறிக்கப்பட்ட அடிமை வாழ்வும் ஒன்றே. இவற்றுள் எதனை வரலாறு என்று கொள்வது?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், அரசாங்கம் ஏன் இப்படிப் பேட்டி காண ஆட்களை அனுப்பிற்று என்பதை அறிதல் வேண்டும். 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் கோடிக்கணக்கானோர் வேலை இழந்தனர். எழுத்தாளர்களும் அவ்வாறே பட்டினி கிடந்தனர். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் நிர்வாகம் 1935-இல் கூட்டாட்சி எழுத்தாளர் திட்டம் ஒன்றைத் தொடங்கி, அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து எழுத வைத்தது. அத்திட்டத்தின் ஒரு கிளையாக, 1936 முதல் 1938 வரை பதினேழு மாநிலங்களில், முன்னாள் அடிமைகள் 2,300 பேருக்கு மேற்பட்டோரின் வாய்மொழிகள் எழுதப்பெற்றன. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த ஆண்டு 1865. ஆகவே பேசியவர்களில் மிக இளையவரும் எழுபதைக் கடந்தவர்; மிகப் பலர் எண்பதுக்கு மேற்பட்டவர். இன்னும் பத்தாண்டு தாழ்த்தியிருந்தால் கேட்பதற்கு மிகச் சிலரே இருந்திருப்பார்கள்.

அதுவரையில் அடிமை முறையின் வரலாற்றை எழுதியவர்கள் எதனை ஆதாரமாகக் கொண்டார்கள்? பெரும்பாலும் தோட்ட முதலாளிகளின் கணக்கேடுகள், கடிதங்கள், நாட்குறிப்புகள். உல்ரிச் பிலிப்ஸ் என்னும் பேராசிரியர் 1918-இல் வெளியிட்ட பெருநூல் அவ்வாறு எழுந்ததே. கடும் உழைப்பினால் ஆன நூல்தான். ஆயினும் அதில் தோட்டம் என்பது அடிமைகளைப் பழக்கும் ஒரு பள்ளிக்கூடம் போலவே காட்சியளிக்கிறது. முதலாளியின் ஏட்டைப் படித்தவருக்கு முதலாளியின் கண்ணே வாய்த்தது. இதில் வியப்பொன்றும் இல்லை. எழுத்தறிவு பெறுவதையே சட்டம் தடுத்த மாநிலங்களில், அடிமை எங்கிருந்து நாட்குறிப்பு எழுதுவான்? பிலிப்ஸின் முடிபுகளைக் கென்னத் ஸ்டாம்ப் 1956-இல் தக்க சான்றுகளுடன் மறுத்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இனி, சார்ல்ஸ்டன் மூதாட்டியிடம் திரும்புவோம். முதற்பேட்டியை ஊன்றிப் படித்தால் சில செய்திகள் புலனாகின்றன. வந்த பெண்மணி உதவித்தொகை வழங்கும் அலுவலகத்தைச் சேர்ந்தவரோ என்று மூதாட்டி விசாரிக்கிறார். பஞ்ச காலம்; வயோ அந்தச் சொல்லுக்கும் அப்பாற்பட்டது; எதிரே நிற்பவர் உணவுக்கு வழி செய்யக்கூடிய வெள்ளையினத்தவர். இந்நிலையில் மனக்கசப்பைக் கொட்டுபவர் யார்? எசமானர்களில் பெரும்பாலோர் அன்பானவர்களா என்ற வினாவுக்கு, இக்காலத்தைப் போலவே அக்காலத்திலும் சிலர் நல்லவர், சிலர் கொடியவர் என்ற கருத்தில் விடை இறுக்கிறார். 1937-இல் தென் மாநிலங்களில் இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த விடையை மீண்டும் படித்தால், அதன் கூர்மை விளங்கும். உண்மையை மறைக்கவும் இல்லை. தமக்குத் தீங்கு தேடிக்கொள்ளவும் இல்லை. அம்மூதாட்டியின் அறிவைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் ஏமாந்தவர்களே!

இது ஒருவர் பற்றிய தனிச்செய்தி அன்று. தென் மாநிலங்களில் பேட்டி கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையினத்தவர். வர்ஜீனியா போன்ற சில இடங்களிலேயே கறுப்பினத்தவர் அப்பணியில் கணிசமாக இடம் பெற்றனர். பால் எஸ்காட் என்ற வரலாற்றாசிரியர் இப்பேட்டிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1979-இல் ஒரு நூல் வெளியிட்டார். கேட்டவர் கறுப்பினத்தவராக இருந்தபோது எசமானரைப் பற்றிய குறை கூறல் மிகுதியாகவும், வெள்ளையினத்தவராக இருந்தபோது குறைவாகவும் இருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். மேலும் ஒரு சிக்கல் உண்டு. பேட்டிகளில் மிகப் பல ஒலிப்பதிவு செய்யப்பட்டவை அல்ல. கேட்டவர் குறிப்பெடுத்துக்கொண்டு, பிறகு தம் கைப்படத் தொகுத்து எழுதியவை. மூதாட்டியின் சொல் எங்கே முடிகிறது, எழுதியவரின் சொல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது எளிதன்று. 1937-இல் பசியோடு இருந்த முதியவர்கள், அடிமை நாளில் வயிறார உண்டதாகச் சொன்னதையும் அந்தப் பசியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இக்குறைகளைக் காட்டி இவ்வேடுகளை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. அவ்வாதம் எனக்கு உடன்பாடு அன்று. முதலாளியின் கடிதத்தில் மட்டும் தன்னலம் இல்லையா? ஜார்ஜ் ராவிக் என்பவர் 1972 முதல் இவ்வேடுகளை வரிசையாக அச்சிட்டு வெளியிட்ட பின்னர், அடிமைகளின் குடும்ப வாழ்வு, வழிபாடு, பாட்டு, தலைமறைவு ஆகியவை பற்றி எழுதப்பெற்ற நூல்கள் பல. முன்பு மூலங்கள் இல்லை என்று கைவிடப்பட்ட செய்திகள் அவை.

பேட்டி காண்பதைப் பல்கலைக்கழகத்தின் முறையான பணியாக்கியவர் ஆலன் நெவின்ஸ். பத்திரிகையாளராக இருந்து பேராசிரியரானவர் அவர். தொலைபேசி வந்தபின் பெரியோர் கடிதம் எழுதுவது குறைந்துவிட்டது, ஆகவே அவர்கள் நினைவுகளை வாய்வழியாகவே பெற்றுச் சேர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1948-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணி தொடங்கிற்று. முதல் பேட்டியை ஒரு மாணவர் கையால் எழுதிக்கொண்டார். பின்னர் ஒலிநாடா வந்தது. ஆனால் பல நாடாக்களை எழுத்தில் பெயர்த்தபின் அழித்து மறுபடியும் பயன்படுத்தினார்கள்! குரலின் தயக்கமும் பெருமூச்சும் அவற்றோடு போயின. வானொலியில் பேசும் நமக்கு இது சிறிது வருத்தம் தரும் செய்திதான். நெவின்ஸ் தேடியவர்கள் பெரும்பாலும் அமைச்சரும் நிர்வாகிகளும் போன்ற பெருமக்கள்; எழுத்தாளர் திட்டம் தேடியவர்கள் எளியோர். சிகாகோ வானொலியில் 1952 முதல் 1997 வரை பேட்டி கண்ட ஸ்டட்ஸ் டெர்க்கல், பொருளாதார வீழ்ச்சியைப் பற்றிய தம் 1970-ஆம் ஆண்டு நூலில் இவ்விரு சாராரையும் ஒருங்கே பேசவைத்தார்.

சார்ல்ஸ்டன் மூதாட்டியின் இரு பேட்டிகளும் தென் கரோலினா மாநிலத் தொகுதியில் இடம் பெற்றுள்ளன. அவர் குடும்பப் பெயர் ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது, வயதும் மாறுபடுகிறது. பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இருவர் என்றே எண்ணுவர். எசமானர் குடும்பத்தின் பெயரை இரு தாள்களிலும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே, ஒருவரே இரு முறை பேசியிருக்கிறார் என்பது தெரியவரும்.