முந்தாநாள் மீன்குழம்பு

மாமல்லபுரம் கடற்கரைக் கடையில் சங்கரா வறுவலோடு ஒரு பிடி பிடித்த நண்பர், கை கழுவிய ஈரம் காயுமுன் கழிப்பறையைத் தேடிப் போனார். திரும்பி வந்து, "தின்னது அப்படியே போயிடுச்சுப்பா" என்றார். போனது சங்கரா இல்லை. நேற்றோ முந்தாநாளோ அவர் வீட்டில் சாப்பிட்டது.

இரைப்பை நிறைந்து விரிந்ததும் பெருங்குடலுக்கு நரம்பு வழியாக ஒரு தாக்கல் போகிறது: புதுசு வந்தாச்சு, பழசை நகர்த்து. காலைப் பலகாரம் முடிந்த கையோடு பலருக்கு வயிறு கூப்பிடுவது இதனால்தான்.

விழுங்குவது என்பது உள்ளே விழுவதும் அல்ல. சுமார் 25 செ.மீ. நீள உணவுக்குழாய், கவளத்துக்குப் பின்னால் இறுகி முன்னால் தளர்ந்து, அலை அலையாகத் தள்ளுகிறது. பத்து நொடிக்குள் வேலை முடிந்துவிடும். இந்த ஊர் வெண்ணெய் உருண்டைப் பாறை சரிவில் நின்றும் உருளவில்லை. நம் சோற்று உருண்டையோ தலைகீழாக நின்றாலும் இரைப்பைக்கு ஏறிவிடும். (செய்து பார்க்க வேண்டாம், புரையேறும்.)

இரைப்பை அமிலம் ஊற்றிப் பிசைந்து கூழாக்கி, அடிவாசல் வழியே கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. எண்ணெய்ப்பசை சிறுகுடலைத் தொட்டால் போதும், அங்கே ஹார்மோன் சுரந்து வாசலை இறுக்கிவிடும். செங்கல்பட்டில் இட்லி தின்று மின்சார ரயில் ஏறியவருக்கு, சென்னைக் கடற்கரை நிலையம் வருவதற்குள் ஏறக்குறைய பாதியாவது இறங்கியிருக்கும். வறுவல் நாலு மணி நேரம்கூடக் கிடக்கும். ராத்திரி பத்து மணிக்கு அதைத் தின்று உடனே படுத்தால் நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்?

சிறுகுடல் சுமார் 6 மீட்டர். பித்தநீர் எண்ணெயைப் பொடிப்பொடியாகச் சிதறடிக்க, கணையநீர் மீனின் புரதத்தை அறுக்க, சத்து ரத்தத்தில் சேருவது இங்கேதான். இவ்வளவு நீளத்தையும் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிற உணவு, ஒன்றரை மீட்டர் பெருங்குடலில் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூடத் தங்கும். மிச்சத் தண்ணீரை உறிஞ்ச அவ்வளவு நேரம் வேண்டும். பேதி கண்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

நண்பர் நம்பவில்லை. சுட்ட சோளம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்; மணிகளின் தோல் செரிக்காது, அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும். தின்றது சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. திங்கள் காலை போன் வந்தது: "இப்பதாம்ப்பா பார்த்தேன்."