சலுகை யாருக்கு?

தூத்துக்குடி மில்லர்புரத்து வாசிகளுக்கு உப்பளமும் மீன்பிடி படகும் புதிய காட்சிகள் அல்ல. அவ்விரண்டு தொழில்களிலும் வருஷந்தோறும் ஒரு வேலையற்ற காலம் தவறாமல் வந்து சேர்கிறது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியில் உப்பு விளைவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனம் பெருகும் பொருட்டு, 61 நாட்கள் விசைப் படகுகள் கடலுக்குச் செல்லலாகாது.

இக்குறையை ஓரளவேனும் தீர்க்கத் தமிழ்நாடு சர்க்கார் உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாக ரூ. 5,000 வழங்க முன்வந்தது. மீனவர் குடும்பங்களுக்கான தடைக்கால நிவாரணத்தை ரூ. 5,000-லிருந்து ரூ. 8,000 ஆக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தது. எட்டாயிரத்தை 61 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ரூ. 131 ஆகிறது. ஒரு குடும்பம் இதைக்கொண்டு சோம்பேறித்தனம் பயிலுமென்று அஞ்சுவோர், கடைத்தெருவுக்கு ஒரு நடை போய் வருவது நல்லது.

இனி மற்றொரு சலுகையைப் பார்ப்போம். 2019 செப்டம்பர் 20-ந் தேதி மத்திய சர்க்கார் கம்பெனிகளின் வருமான வரியைக் குறைத்தது. வேறு விலக்குகளைக் கோராத கம்பெனிகளுக்கு அடிப்படை வரி 22 சதவிகிதம். பெரிய கம்பெனிகளுக்கு அது முன்பு 30 ஆக இருந்தது. இதனால் வருஷத்துக்கு ரூ. 1,45,000 கோடி வருமானம் குறையுமென்று நிதி மந்திரி நிர்மலா சீதாராமனே கூறினார். அத்தொகையில் சுமார் 18 கோடிக் குடும்பங்களுக்குத் தலா எட்டாயிரம் கொடுக்கலாம்! அந்த வரியில் மாகாணங்களுக்கும் பங்குண்டு. ஆகவே டில்லியில் குறைந்த வரி, சென்னைக் கஜானாவையும் தொட்டது.

வரி குறைந்தால் முதலாளிகள் புதுத் தொழில் தொடங்குவார்கள், வேலை பெருகும் என்பது மறுபக்கத்து வாதம். அது தள்ளத்தக்க வாதமன்று. ஆனால் பலன் என்ன? கம்பெனிகள் அந்தப் பணத்தைக் கடன் தீர்க்கவும் ரொக்கக் கையிருப்பைப் பெருக்கவுமே பயன்படுத்தியதாகத் தெரிகிறது என்று ரிசர்வ் பாங்கியின் 2019-20 ஆண்டறிக்கை குறித்தது.

அரசியல் கட்சிகளின் அகராதியோ விசித்திரமானது. ஏழைக்குக் கொடுத்தால் 'இலவசம்'. தனவந்தருக்கு விட்டுக்கொடுத்தால் 'ஊக்கம்'. 2022 ஜூலையில் பிரதமர் மோடி இலவசங்களை 'ரேவடி' மிட்டாய்க்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். மற்றக் கட்சியினரும் பரிசுத்தர் அல்லர். தேர்தல் வந்ததும் வாக்குறுதிகளை வாரி இறைப்பார்கள். பணம் எங்கிருந்து வருமென்று கேட்டால் மௌன விரதம் பூணுவார்கள்.

1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் பக்கம் நின்றார். சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய அவருக்கு முதலீட்டின் அருமை தெரியாதா? தொழிலாளியின் வயிறு காய்ந்தால் தேசத்தின் தொழில் தழைக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகையால், அடுத்த தேர்தலில் வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் வீட்டிலுள்ளோர் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். "கொடுக்கும் உதவிக்குப் பணம் எங்கே?" என்பது ஒன்று. "விட்டுக்கொடுத்த வரிக்கு வேலை எங்கே?" என்பது மற்றொன்று. முதற் கேள்வியை மட்டும் கேட்பது சிக்கனம் ஆகலாம், நியாயம் ஆகாது.