அச்சுக்கூடம் மாற்றிய பெயர்

ஆங்கிலத்தில் டி, ஏ, எல், இஸட், ஐ, ஈ, எல் என்னும் ஏழு எழுத்துகளால் எழுதப்படும் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் ஒன்று உண்டு. எழுத்துக்கூட்டிப் படிப்போர் அதை 'டால்ஸியல்' என்பர். ஸ்காட்லாந்தில் அதன் மரபுவழி உச்சரிப்போ 'டீயெல்'.

எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே இத்தனை தொலைவு நேர்ந்ததற்கு அச்சுக்கூடமே காரணம். பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'யோக்' என்றோர் எழுத்து இருந்தது. ஏறத்தாழ 3 என்னும் எண்ணின் வடிவம். இப்பெயரில் அதற்கு யகர ஒலி. எடின்பரோவில் 1508-இல் அச்சுக்கலை தொடங்கியது. அச்செழுத்துகள் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வந்தவை. அவற்றில் யோக் இல்லை. அச்சுக்கோப்போர் தோற்றத்தில் அதை ஒத்த 'இஸட்' எழுத்தை எடுத்து வைத்தனர். யோக் வழக்கொழிந்தது, தற்காலிக ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது. 'மென்ஸீஸ்' என்று படிக்கப்படும் பெயர் 'மிங்கிஸ்' ஆவதும் இதனால்தான். ஆஸ்திரேலியப் பிரதமர் ராபர்ட் மென்ஸீஸுக்கு 'மிங்' என்ற பட்டப்பெயர் அமைந்தது அந்த உச்சரிப்பிலிருந்தே.

டீயெல் என்பது முதலில் ஊர்ப்பெயர். கிளைடு ஆற்றங்கரையில், இன்றைய மதர்வெல் நகரையொட்டிய நிலப்பகுதி அது. கேலிக் மொழியில் 'வெண்ணிலம்' என்று பொருள் கூறுவர். குடும்பத்தார் சொல்லும் கதை வேறு. பகைவர் தூக்கிலிட்ட உறவினரின் உடலை மீட்டு வருபவர் யார் என்று அரசர் கெனத் கேட்டாராம்; ஒருவர் 'நான் துணிவேன்' என்று முன்வந்தாராம்; அவர் சொன்ன சொல்லே பெயராயிற்றாம். குடும்பச் சின்னத்தில் ஆடையற்ற மனித உருவம் இருப்பதும், 'துணிகிறேன்' என்பது குறிக்கோளுரையாக இருப்பதும் உண்மை. ஆயினும், சின்னத்தை விளக்கப் பின்னாளில் புனைந்த கதையாகவே இது தோன்றுகிறது. ஊர் இருக்க, பெயருக்கு வீரக்கதை எதற்கு?

பின்ஸ் மாளிகையைச் சேர்ந்த கிளைக் குடும்பம் மட்டும் இஸட்டை விலக்கி, 'ஒய்' எழுத்தால் பெயரை எழுதுகிறது. முதலாம் சார்லஸ் மன்னர் கொல்லப்பட்ட துயரத்தில் தாடியை மழிக்க மறுத்த தளபதி டாம் டீயெல் அக்குடும்பத்தவர். 1962 முதல் 2005 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 'மேற்கு லோதியன் வினா'வை எழுப்பிய டாம் டீயெலும் அவ்வழியினரே. பிறந்தபோது அவர் பெயர் லாக். தாய்வழியில் வந்த டீயெல் என்னும் பெயரை அக்குடும்பம் 1938-இல்தான் ஏற்றது.